எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று டயர்: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு டன்னைச் சுற்றி எடையுள்ள இரண்டு இருக்கை கார்களுக்கான பக்கம் இது. உதாரணமாக மாஸ்டா எம்எக்ஸ்-5, லோட்டஸ் எலிஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டையும் அந்தக் கம்பெனிகள் இந்தியாவில் விற்றதில்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சில கார்கள்தான் ஓடுகின்றன. ஸ்விஃப்ட், போலோ போன்றவற்றின் எடையைக் குறைத்து டிராக்கில் ஓட்டுபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நல்ல பிராண்டு, சரியான அளவு என்று கேட்டு வாங்கினால் போதாதா? எடை குறைந்த காருக்கு மட்டும் என்ன தனிக் கணக்கு?

சந்தையில் இருக்கும் ஸ்போர்ட்ஸ் டயர்களில் பெரும்பாலானவை ஒன்றேகால் டன்னிலிருந்து ஒன்றேமுக்கால் டன் வரையிலான கார்களை மனதில் வைத்துச் செய்தவை. 1,050 கிலோ எம்எக்ஸ்-5இல் ஒரு சக்கரத்தின் மேல் விழும் எடை சுமார் 260 கிலோ. டொயோட்டா இன்ஜின் போட்ட எலிஸ் 860 கிலோதான். அதன் முன் சக்கரத்துக்கு 165 கிலோ அளவில்தான் வரும். இவ்வளவு குறைந்த எடையில் கெட்டியான சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) வளைந்துகொடுக்காது. டயர் ரோட்டில் படிந்து உட்காராமல் தத்தித் தத்திப் போகும், ரப்பரும் சூடேறாது. அதே டயர் பெரிய செடானில் அருமையாகப் பிடித்திருக்கும். ஆகவே பெரிய கார்க்காரர்கள் எழுதும் டயர் விமர்சனத்தை அப்படியே நம்பிப் பணம் போட வேண்டாம்.

கடையில் பழக்கத்தில் செய்யப்படும் பல வேலைகள், அதாவது 35 பிஎஸ்ஐ காற்று, ஒரு சைஸ் அகலம், எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும்) டயர் எல்லாம் கனமான காருக்கான பழக்கங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி அந்தப் பழக்கங்களை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பற்றியவைதான்.

என் காருக்கு என்ன அளவு?

ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். காரில் இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முந்தைய உரிமையாளர் எதை மாட்டினாரோ யாருக்குத் தெரியும். கம்பெனி அளவுகள் இவை (முதல் எண் அகலம் மி.மீ.யில், அடுத்தது சைடுவால் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், கடைசி எண் ரிம் அங்குலத்தில்):

எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை: 185/60 ஆர்14
இரண்டாம் தலைமுறை: 195/50 ஆர்15 அல்லது 205/45 ஆர்16
நான்காம் தலைமுறை: 195/50 ஆர்16 அல்லது 205/45 ஆர்17
எலிஸ் இரண்டாம் தொடர்: முன்னால் 175/55 ஆர்16, பின்னால் 225/45 ஆர்17

எலிஸில் முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு என்பதால் டயர்களை முன்பின் மாற்றிப் போட முடியாது. பின் டயர் முன் டயரைவிடச் சீக்கிரம் தேயும். நான்கையும் ஒரே சமயத்தில் வாங்கினாலும் ஒரே சமயத்தில் தீராது. அடுத்து வாங்கும்போது அதே மாடல் கிடைக்குமா என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

"அந்த சைஸ் வராது சார், 195/55 போட்டுக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்கிறார் கடைக்காரர். போடலாமா?

நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு 195/50 ஆர்16 கேட்டால் இந்தப் பதில்தான் வரும். 195/55 ஆர்16 இங்கே ஓடும் பல கார்களின் அளவு என்பதால் கடையில் அடுக்கிக் கிடக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அகலம் 195 மி.மீ. அதில் 50 சதவீதம் 97.5. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று 195. 16 அங்குல ரிம் 406.4 மி.மீ. மொத்த விட்டம் 601.4 மி.மீ. 55 போட்டால் 620.9. வித்தியாசம் 19.5 மி.மீ., அதாவது 3.2 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட மூன்று கி.மீ. கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். கியர் எல்லாம் 3 சதவீதம் நீளும். குறைந்த சக்தியுள்ள காரில் அது இழுவையில் தெரியும். கார் கிட்டத்தட்ட 10 மி.மீ. உயரும். பெங்களூர் ஹம்ப்புகளை நினைத்தால் அந்த 10 மி.மீ. ஆசை காட்டத்தான் செய்யும். ஆனால் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் உள் ஃபெண்டர் உரசுகிறதா என்று பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் உள்ள காரில் முன்னால் ஒரு விட்டம், பின்னால் வேறு விட்டம் என்று இரண்டை மட்டும் மாற்றுவது கூடவே கூடாது.

எங்கள் வரம்பு: விட்டத்தில் 1.5 சதவீதம் வரை தாராளமாக, 3 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அதன்படி முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு 15 அங்குல ரிம்மும் 195/50 ஆர்15 டயரும் நல்ல மாற்று. விட்டம் 577.6இலிருந்து 576 மி.மீ. ஆகிறது, 2 மி.மீ.கூட வித்தியாசமில்லை. 14 அங்குலத்தில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் கிடைக்காது என்பதால் பலரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். அந்தக் காரின் ஹப் துளை, அதாவது ரிம்மின் நடுத்துளை, 54.1 மி.மீ. வேறு கார்களுக்கான அலாயின் துளை பெரிதாக இருந்தால் நடுவே வளையம் போட்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கம்பெனி எந்த வேரியண்டுக்கும் தராத அளவை மாட்டினால் விபத்துக் காப்பீடு கேட்கும்போது கேள்வி வரலாம்.

அகலமான டயர் போட்டால் பிடிமானம் கூடும்தானே?

உலர்ந்த ரோட்டில், சூடேறிய பிறகு, கொஞ்சம் கூடும். மழையில் நிலைமை தலைகீழ்.

தேங்கிய நீரின் மேல் டயர் எப்போது மிதக்கத் தொடங்கும் என்பதற்கு விமான டயர்களை வைத்து நாசா உருவாக்கிய ஒரு தோராயக் கணக்கு உண்டு. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால் வேகம் கி.மீ.யில் கிடைக்கும். 32 பிஎஸ்ஐக்கு 94 கி.மீ., 26 பிஎஸ்ஐக்கு 85 கி.மீ. கார் டயரில் பட்டனும் (ரோட்டைத் தொடும் வரிப்பள்ளங்கள்) நீரின் ஆழமும் சேர்ந்து இந்த எண்ணை மாற்றும் என்றாலும் போக்கு இதுதான்: குறைந்த அழுத்தத்தில் ஓடும் லேசான கார் சீக்கிரம் மிதக்கும். அகலத்தைக் கூட்டினால் விலக்க வேண்டிய நீரும் கூடுகிறது. ஏப்ரல், மே கோடை மழையில் ஓஆர்ஆர் (வெளிவட்டச் சாலை) அடிப்பாலங்களில் நிற்கும் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எலிஸில் இன்னொரு சிக்கல். எடையில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் பின்னால் இருக்கும் கார் அது. முன் டயரை வேண்டுமென்றே ஒல்லியாக 175இல் கொடுத்திருக்கிறார்கள், வளைவில் முன்பக்கம் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்காக. முன்னால் மட்டும் 195/50 ஆர்16 போட்டால் விட்டம் 2.5 மி.மீ.தான் மாறும், மாட்டவும் முடியும், ஸ்டியரிங்கும் கூர்மையாகும். ஆனால் வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வர வாய்ப்பு கூடும். லோட்டஸே ஒட்டும் டயர் கொடுத்த வகைகளில் இந்த 195ஐப் பயன்படுத்தியது உண்மை. அங்கே பின் டயரும் அதே அளவு ஒட்டும் ரகம். முன்னால் 195 போடுவதென்றால் நான்கும் ஒரே மாடலாக இருக்கட்டும்.

எக்ஸ்எல் என்று எழுதிய டயர்தான் கிடைக்கிறது. வாங்கலாமா?

205/45 ஆர்17இல் இரண்டு வகை உண்டு: சாதாரண 84, எக்ஸ்எல் 88. 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். 88 என்றால் 560. உங்கள் காரில் ஆள், பெட்டி எல்லாம் ஏற்றினாலும் ஒரு சக்கரத்துக்கு 330 கிலோ தாண்டாது. 84 போதும். எக்ஸ்எல் டயரின் உள்கட்டு பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், எடையும் கூடும். வேறு வழியில்லாவிட்டால் வாங்குங்கள், பாதுகாப்புக் குறைவு ஒன்றும் இல்லை. கையில் தூக்கும் லக்கேஜ் தராசு ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய் இரண்டு மாடல்களையும் எடை பாருங்கள். ஒரே அளவில் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வருவதுண்டு. இந்தக் காரில் அதை ஹம்ப்பில் உணரலாம்.

வேகக் குறியீட்டில் கீழே இறங்க வேண்டாம்: எச் 210, வி 240, டபிள்யூ 270 கி.மீ.

எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்?

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு மாஸ்டா சொன்னது 26 பிஎஸ்ஐ, நான்காம் தலைமுறைக்கு 29. பெட்ரோல் பங்கில் எதுவும் சொல்லாமல் நிறுத்தினால் 33 அல்லது 35 ஏறிவிடும். அப்போது டயரின் நடுப்பட்டை மட்டும்தான் ரோட்டைத் தொடும். பிரேக் தூரம் கூடும், நடுவில் மட்டும் தேயும். மீட்டரில் எண்ணை அமுக்குவதற்கு முன்பே "இருபத்தாறு" என்று சொல்லிவிடுங்கள். "கம்மியா இருக்கே சார்" என்பார், பரவாயில்லை. நல்ல கையடக்க கேஜ் ஒன்று காரிலேயே இருக்கட்டும்; காலையில் கார் ஓடாத நிலையில் அதில் பார்ப்பதே சரியான அளவு. வெப்பம் 10 டிகிரி மாறினால் அழுத்தம் ஒன்று முதல் ஒன்றரை பிஎஸ்ஐ மாறும்.

பெங்களூர்க்காரர்கள் கவனிக்காத ஒன்று உயரம். நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே 28 காட்டும் டயர், அதே வெப்பநிலையில் சென்னையில் சுமார் 26.5 காட்டும். காற்று எங்கேயும் போகவில்லை. வெளியழுத்தம் கூடியதால் கேஜ் குறைத்துக் காட்டுகிறது. சென்னைச் சூடு அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடும். கனமான காரில் இதைக் கண்டுகொள்ளத் தேவையில்லை. 26இல் ஓடும் காரில் ஒன்றரை என்பது சைடுவால் மடங்கும் அளவையே மாற்றும். ஆகவே இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போனால் அங்கே இறங்கி, டயர் ஆறியபின் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

நைட்ரஜன்? ஈரமில்லாத காற்று என்ற அளவில் நல்லது. ஆனால் பாதி நைட்ரஜன், பாதி பங்கு காற்று என்று கலந்துவிட்டால் செலவழித்தது வீண்.

டிராக்குக்கும் ரோட்டுக்கும் ஒரே டயர் போதுமா? செமி ஸ்லிக் வாங்கலாமா?

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை டிராக் என்றால் நல்ல கோடை ஸ்போர்ட்ஸ் டயரே போதும். சைடுவாலில் டிரெட்வேர் என்று, டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதற்கான ஒரு எண் இருக்கும்: 300ஐச் சுற்றி இருந்தால் ரோட்டு ஸ்போர்ட்ஸ் டயர், 200 என்றால் டிராக்குக்குச் சாய்ந்தது, 100 அல்லது அதற்குக் கீழே செமி ஸ்லிக், அதாவது பள்ளங்கள் குறைந்த டிராக் டயர். ஒவ்வொரு கம்பெனியும் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் இது. இரண்டு கம்பெனிகளை ஒப்பிட இதை நம்ப வேண்டாம்.

செமி ஸ்லிக் ரப்பர் சூடேறினால்தான் ஒட்டும். லேசான காரில் அதைச் சூடேற்றவே இரண்டு மூன்று சுற்று போகும். ஜனவரி விடியலில் 15 டிகிரியில் நந்தி மலை ஏறும்போது அந்த டயர் மரக்கட்டை. மழை பிடித்துவிட்டால் திரும்பி வருவதற்குள் நாக்கு வறண்டுவிடும். செமி ஸ்லிக் வேண்டுமென்றால் தனி ரிம் செட்டில் வைத்து, டிராக்கில் மாட்டிக் கழற்றுங்கள்.

டிராக்கில் அழுத்தத்தைச் சூடான நிலையில் பார்ப்பார்கள். நான்கு சுற்றில் 4 முதல் 6 பிஎஸ்ஐ ஏறிவிடும். அதை வெளியேற்றி வழக்கமான அளவுக்குக் கொண்டுவருவீர்கள். மாலையில் டயர் ஆறியதும் 21, 22 என்று நிற்கும். அப்படியே நெடுஞ்சாலையில் ஏறி வேலூர் தாண்டி வீடு திரும்பக் கூடாது. கிளம்பும் முன் காற்று நிரப்புங்கள். டிராக் நாளுக்குப் பிறகு டயர் சைடுவால் கெடுவதற்கு இந்த மறதியும் ஒரு காரணம்.

வாங்கும்போது டயரில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தேதி. டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இந்த நான்கு இலக்கம் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மறுபக்கம் எழுத்து வரிசை பாதியில் நின்றுவிடும். மாட்டிய பிறகு அது உள்பக்கம் போய்விட்டால் காருக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். ஆகவே டயர் தரையில் கிடக்கும்போதே நான்கையும் புரட்டிப் படித்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு வரை பழையது என்றால் வாங்கலாம். அபூர்வ அளவுகளில் இரண்டாண்டுச் சரக்கையும் ஒத்துக்கொள்ள வேண்டி வரும். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அடுத்து ஐஎஸ்ஐ முத்திரை. இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம். 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். 175/55 ஆர்16 போன்றவற்றுக்கு இங்கே பஞ்சம் வர இதுவும் ஒரு காரணம். ஜே.சி. ரோட்டில் விசாரித்தால் எங்கிருந்தோ வந்த டயர் ஒன்று கிடைக்கலாம். முத்திரையும் பில்லும் இல்லாவிட்டால் வாரண்டி கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயர் மாட்டும்போது பக்கத்தில் நிற்க வேண்டுமா?

நில்லுங்கள். கவனிக்க வேண்டியவை:

ஜாக் வைக்கும் இடம். எலிஸின் பாடி ஃபைபர், சட்டகம் ஒட்டுப்போட்ட அலுமினியம். ட்ராலி ஜாக்கை எங்கே வேண்டுமானாலும் தள்ளினால் ஃபைபர் விரியும். கையேட்டில் காட்டிய புள்ளியில் மட்டும், நடுவே ரப்பர் துண்டு வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். எம்எக்ஸ்-5இல் பக்கவாட்டு மடிப்பில் நேராக ஜாக்கை வைத்தால் அது நசுங்கும்.

திசை. அம்பும் ரொட்டேஷன் என்ற எழுத்தும் இருந்தால் அந்தத் திசையில்தான் சுழல வேண்டும். அவுட்சைட் என்றிருந்தால் அந்தப் பக்கம் வெளியே. நான்கில் ஒன்று தவறிப்போவது அடிக்கடி நடக்கிறது. ரிம்மில் ஏற்றிய உடனே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

புள்ளி. மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம், அது வால்வுக்கு நேராக வரவேண்டும். சிவப்புப் புள்ளியும் இருந்து, ரிம்மில் அதற்கான குறியும் இருந்தால் சிவப்புக்கே முதலிடம். சரியாக வைத்தால் ஈயத்துண்டு குறைவாகத் தேவைப்படும். புது வால்வு போடச் சொல்ல மறக்காதீர்கள்.

நட்டு. ஏர் கன்னால் கடகடவென்று இறுக்கி முடிப்பதுதான் பெரிய தீங்கு. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். கையால் திருகி உட்காரவைத்து, டார்க் ரெஞ்சால் எதிரெதிராக இறுக்கி, 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அலைன்மெண்ட். 70 கிலோ ஆள் ஏறினால் எலிஸின் எடை 8 சதவீதம் கூடுகிறது. வலது பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி அமுங்கும். வெறும் காரில் அலைன்மெண்ட் செய்தால் நீங்கள் உட்கார்ந்ததும் அந்த எண்கள் மாறிவிடும். ஓட்டுநர் இருக்கையில் 25 கிலோ அரிசி மூட்டை மூன்றை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். கடையில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் எங்கே போடுவது?

பின்னால். முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் சுற்றும். ஒரே அச்சில் இரண்டு மாடல் கலக்கக் கூடாது. புது டயரின் மேல், வார்ப்பிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசிய வழுக்கல் பூச்சு இருக்கும்; முதல் 200, 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள்.

பட்டன் நன்றாக இருக்கிறது, ஆனால் டயருக்கு ஏழு வயது. இன்னும் ஓட்டலாமா?

வாரக்கடைசியில் மட்டும் வெளியே எடுக்கும் கார் ஆண்டுக்கு 3,000 கி.மீ. ஓடினாலே அதிகம். இத்தகைய காரில் டயர் தேய்ந்து சாவதில்லை, காய்ந்து சாகிறது. பட்டன் இடுக்கில் நகத்தை அழுத்துங்கள். புது டயரில் நகம் பதியும், காய்ந்ததில் வழுக்கும். சைடுவாலை வளைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். ஐந்து வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் கழற்றிப் பாருங்கள். ஏழு வயதில் மழைக்காலத்துக்குள் மாற்றிவிடுங்கள். சட்டப்படி குறைந்தபட்சப் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.; இந்தக் காருக்கு 3 மி.மீ.யிலேயே மழை ஓட்டத்தை நிறுத்திக்கொள்வது எங்கள் கணக்கு.

அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் வாரக்கணக்கில் நிற்கும் காரில் டயரின் அடிப்பகுதி தட்டையாகி, கிளம்பும்போது கடகடக்கும். நிறுத்தும் முன் 5, 6 பிஎஸ்ஐ கூட்டி அடித்து, பத்து நாளுக்கு ஒருமுறை அரை அடி நகர்த்தி வையுங்கள். ஓட்டும் முன் அந்தக் கூடுதல் காற்றை இறக்கிவிட வேண்டும்.

ஸ்டெப்னி இல்லாத காரில் பஞ்சர் ஆனால்?

டயர் அழுத்தம் காட்டும் கருவியும் டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் உள்ள காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் விதி மாறியது. உங்கள் காரில் கருவி இருக்கிறதோ இல்லையோ, 12 வோல்ட் பம்ப், ஸ்ட்ரிப் கிட் (ஓட்டையில் செருகும் ரப்பர் திரிகள்), கேஜ் மூன்றும் டிக்கியில் இருக்க வேண்டும்.

ஆணி குத்தினால் அங்கேயே பிடுங்காதீர்கள். ஆணியோடு டயர் மெதுவாகத்தான் காற்றை விடும். காற்று நிரப்பிக்கொண்டே பஞ்சர் கடை வரை போய்விடலாம். பட்டன் பகுதியில் ஓட்டை என்றால் ஸ்ட்ரிப் போட்டு ஊர் வந்து சேர்ந்து, பிறகு டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து மஷ்ரூம் பேட்ச் (தண்டுள்ள காளான் வடிவ ஒட்டு) போடுங்கள். சைடுவால் அல்லது தோள் பகுதியில் ஓட்டை என்றால் பேட்ச் கிடையாது, டயர் மாற்றம்தான்.

குழியில் விழுந்த மறுநாள் சைடுவாலில் கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்திருந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அதை யாரும் சரிசெய்ய முடியாது, சரிசெய்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். கூடவே அந்த ரிம்மைக் கழற்றிப் பேலன்சிங் மெஷினில் டயர் இல்லாமல் சுழற்றச் சொல்லிப் பாருங்கள். உள்விளிம்பில் விழுந்த கோணல் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.